அசையாமல் அரை நிமிஷம்

"உங்க மாடி வீட்டுப் பையனை இந்த மாசமே காலி பண்ணச் சொல்லிடுங்க சார்."

கேட்டைத் திறந்தும் திறக்காமலும் கஸ்தூரி சொல்லிவிட்டாள். எதிர்வீட்டுக்காரி. மார்கழி ராத்திரிப் பனிக்குத் தலையில் மஞ்சள் துண்டைச் சுற்றியிருந்தாள்.

பக்தவத்சலம் ஆவடி ஃபேக்டரியில் இருந்து ரிடையர் ஆனவர். யாரையும் சட்டென்று பகைத்துக்கொள்ள மாட்டார்.

"உதயகுமாரையா? திருமழிசைல வேலைக்குப் போறான், வர்றான். இன்னாம்மா பண்ணான்?"

"புதுசா கேமரா வாங்கியாந்து மொட்டை மாடில ஸ்டாண்டு போட்டு நிக்கிறான். அதோட மூஞ்சி நேரா எங்க ஊட்டப் பாத்துகினு கீது. எம் பொண்ணு தீபிகாவுக்கு வரன் பாக்கற நேரம். துணி எடுக்கப் போற பொண்ணைப் படம் புடிச்சு எதுலயாவது போட்டுட்டான்னா நான் எங்க போய் நிக்கறது?"

"வானத்தைத்தான் எடுக்கறேன்னு சொன்னானே."

"வானம் மேலதானே சார் கீது? எங்க ஊட்டு மாடிலயா கீது?"

பக்தவத்சலம் அண்ணாந்து மாடியைப் பார்த்தார்.

"தினமும் எடுக்கறானா?"

"தினமும். இருட்டினதும் ஏறுவான். ஸ்டாண்டு காலை இழுத்து இழுத்து வைப்பான். செல்லைப் பாப்பான், கேமராவைப் பாப்பான், தலையைச் சொறிவான். கொசு அடிப்பான். நடுவுல பிஸ்கட். நேத்து கிரீம் பிஸ்கட்."

"அது கிரீம் பிஸ்கட்டுனு எப்டிம்மா..."

"ரெண்டாப் பிரிச்சு நக்கினான். நானா பாக்கறேன்? கண்ணுல பட்டுச்சு. எனக்கு அந்தப் பக்கம் திரும்பக்கூட நேரமில்ல சார்."

பக்தவத்சலம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறினார். கஸ்தூரி அவரை முந்திக்கொண்டு போனாள்.

மாடியில் உதயகுமார் கேமராவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு பேரையும் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"இன்னா நைனா, இந்தம்மா ஊட்டைப் படம் எடுக்கறியாமே. அப்டி இருந்தா இப்பவே சொல்லிடு. நீ வேற எடம் பாத்துக்க."

அவன் முகம் செத்துவிட்டது. கல்யாணம் ஆகாத பையனுக்கு அயனம்பாக்கத்தில் வீடு கிடைப்பது லேசில்லை. நாலு தெரு அலைந்துதான் இந்த ஒரு ரூமே கிடைத்தது.

"ஐயோ, இல்ல சார். திருவாதிரை நட்சத்திரத்தை எடுக்கப் பாக்கறேன். அந்தப் பக்கம் மெயின் ரோடு வெளிச்சம், இந்தப் பக்கம் கம்பெனி வெளிச்சம். ஏரிப் பக்கந்தான் இருட்டா கீது. ஏரி இந்த அக்கா ஊட்டுக்குப் பின்னாலதானே கீது?"

"கதை வேணாம். படத்தைக் காட்டச் சொல்லுங்க சார்" என்றாள் கஸ்தூரி.

காட்டினான். முதல் படம் கன்னங்கரேல் என்றிருந்தது.

"ஒண்ணுமே இல்லியே?"

"மூடியைக் கழட்ட மறந்துட்டேன் சார்."

அடுத்தது வெள்ளைவெளேர்.

"இது பகலா?"

"ராத்திரிதான். ரொம்ப நேரம் திறந்து வெச்சுட்டேன்."

அதற்கடுத்ததில் வானம் முழுக்கப் புழு நெளிந்தது.

"ஸ்டாண்டுல கால் இடிச்சுட்டேன் சார்."

"இதுக்கா ஒரு கேமரா" என்றாள் கஸ்தூரி. "என் பொண்ணு எங்க? அதைக் காட்டு."

"அவங்க படத்துல விழ மாட்டாங்கக்கா. இருட்டுல ஒரு படம் புடிக்க அரை நிமிஷம் ஆவும். அதுக்குள்ள நடக்கறவங்க, துணி எடுக்கறவங்க யாரும் விழ மாட்டாங்க. அசையாம நிக்கிறது மட்டுந்தான் விழும்."

சொல்லிக்கொண்டே அடுத்த படத்தைத் தள்ளினான்.

அதில் நட்சத்திரங்கள் விழுந்திருந்தன. உப்பைக் கொட்டியது போலப் பொடிப்பொடியாக, நடுவில் செக்கச்செவேல் என்று திருவாதிரை. கீழே கஸ்தூரி வீட்டு மாடி. பாதி கட்டி நிற்கும் ரூமுக்குப் பக்கத்தில், கைப்பிடிச் சுவரில் இரண்டு முழங்கையையும் ஊன்றி, தலையில் மஞ்சள் துண்டோடு ஓர் உருவம்.

அடுத்த படத்திலும் இருந்தது. அதற்கடுத்த படத்திலும். படத்துக்குப் படம் நட்சத்திரம்கூட நகர்ந்திருந்தது. அந்த உருவம் நகரவில்லை.

"இன்னா அது?" பக்தவத்சலம் கண்ணை இடுக்கினார். "கண்ணாடி வேற கீழ வெச்சுட்டேன்."

உதயகுமார் படத்தைப் பார்த்தான். கஸ்தூரியின் தலையைப் பார்த்தான்.

"திருஷ்டி பொம்மை சார். மாடில ரூம் கட்டறாங்க இல்ல, அதுக்கு வெச்சிருக்காங்க."

"அப்டியா? நான் கவனிக்கவே இல்லியே. பொம்மைக்குத் துண்டெல்லாம் கட்டி, ஆள் மாதிரியே செஞ்சிருக்கீங்களேம்மா."

கஸ்தூரியின் கை தானாகத் தலைக்குப் போனது. துண்டை உருவி, சுருட்டி, முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"ஆமா சார். பொம்மைதான்."

"சரி, நீங்களே சொல்லுங்க. பையனைக் காலி பண்ணச் சொல்லட்டா?"

"எதுக்கு சார்? புள்ள அது பாட்டுக்கு வானத்தைப் பாத்துகினு கீது. யாருக்கு இன்னா கெடுதல்?"

பக்தவத்சலம் ஒன்றும் புரியாமல் இறங்கிப் போனார். கஸ்தூரியும் இரண்டு படி இறங்கிவிட்டு நின்றாள்.

"தம்பி, அந்தப் பொம்மையை நாளைக்கே எடுத்துடறேன்."

"எடுக்க வாணாம்க்கா" என்றான் உதயகுமார். "ஏரிப் பக்கமா திருப்பி வெச்சுடுங்க, போதும். நட்சத்திரம் பூரா அதுக்கு முதுகுப் பக்கந்தான் கீது."