ரொம்ப தூரம் போய் விழணும்

"ரொம்ப தூரம் போய் விழணும். அது மாதிரி ஒரு தூண்டில் ராடு குடுங்க."

தூண்டில் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எதிரே நின்ற இளைஞனைப் பார்த்தார். டக் இன் பண்ணின சட்டை, பளபளவென்று ஷூ. ஏரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத முகம்.

"எங்க வீசப் போறீங்க தம்பி?"

"பெரிய ஏரிங்க. படகுல போய் நடுத்தண்ணியில."

"என்னத்தைப் போட்டு?"

"பொம்மை மீன் இருக்கே, தண்ணி மேலயே துள்ளிக்கிட்டு வருமே, அது."

கடைக்காரருக்குக் குஷி வந்துவிட்டது. இப்படி விவரமாக யாராவது கேட்டால் போதும், மனுஷனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"அப்ப ஏழரை அடி ராடு எடுத்துக்குங்க. நடுத்தண்ணியில செடி கொடி எதுவும் இடிக்காது. நீளம் இருந்தாத்தான் தூரம் போகும். ரெண்டு கையாலயும் பிடிச்சு வீச கைப்பிடியும் நீளமா வேணும். அடிப்பக்கம் முரடா இருக்கணும், நுனி மட்டும் கொஞ்சம் வளைஞ்சு குடுக்கணும்."

"நுனி எதுக்குங்க வளையணும்?"

"விறைப்பா இருந்தா, மீன் வந்து கவ்வின உடனே நீங்களே பொம்மையை அது வாயிலேர்ந்து பிடுங்கிடுவீங்க. மீன் தப்பிச்சுப் போயிடும்."

அவன் முகம் மலர்ந்தது.

"அப்ப விறைப்பானதே குடுங்க!"

"என்னது?"

"இருக்கிறதிலேயே விறைப்பானது."

கடைக்காரருக்குச் சுர்ரென்று ஏறியது.

"தம்பி, நான் சொன்னது காதுல விழுந்துச்சா? மீன் தப்பிச்சுடும்னேன்."

"விழுந்துச்சுங்க. அதுக்குத்தான் கேக்குறேன்." அவன் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "இன்னொரு உதவி. பொம்மைக்கு அடியில தூண்டில் முள்ளு தொங்குதே, அது எல்லாத்தையும் கழட்டிடுங்க."

கடைக்காரர் அவனைப் பார்த்தார். அப்புறம் கூரையைப் பார்த்தார்.

"இந்த வாரம் என் ராசியே சரியில்லை. முள்ளு இல்லாம எப்படிய்யா மாட்டும்? மீன் என்ன, வாயில கவ்விக்கிட்டு, 'இழுங்க சார்'னு காத்துக்கிட்டா இருக்கும்?"

"மாட்டக் கூடாதுங்க! மாட்டினா நான் செத்தேன்." கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தான். "மீன் துடிக்கிறதைப் பார்த்தாலே எனக்கு மயக்கம் வந்துடும். பொரிச்சு வெச்சா தட்டைக் காலி பண்ணிடுவேன், அது வேற கதை."

"பின்ன எதுக்கய்யா இந்தக் கூத்து? வீட்ல காலை நீட்டிப் படுக்க வேண்டியதுதானே?"

"மாமனார் கூப்பிட்டிருக்காரு."

பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் அவனே உட்கார்ந்துகொண்டான்.

"கல்யாணம் ஆனதிலேர்ந்து அவருக்கு என்னைக் கண்டாலே ஆகாதுங்க. 'வாங்க, சாப்பிடுங்க'. இதுக்கு மேல ஒரு வார்த்தை கிடையாது. அவர் வீட்டு ஹால்ல, ஆளுயர மீனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி ஒரு போட்டோ இருக்கு. எதையாவது பேசணுமேன்னு, 'எனக்கும் மீன் பிடிக்கிறதுன்னா உயிரு மாமா'ன்னு ஒரு பொய்யை அவுத்து விட்டுட்டேன். மனுஷன் எழுந்து வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. 'ஞாயித்துக்கிழமை போலாம் மாப்பிள்ளை'ன்னாரு. மாப்பிள்ளைன்னு அவர் வாயால கூப்பிட்டது அதான் முதல் தடவை. என் பொண்டாட்டி சந்தோஷத்துல அழுதுட்டா. இப்பப் போய் உண்மையைச் சொன்னா எல்லாம் பாழாப் போயிடும்."

"அதுக்காக?"

"தூரமா விழுந்தாத்தானே முள்ளு இல்லாதது அவர் கண்ணுக்குத் தெரியாது? தண்ணி மேல துள்ளினாத்தானே நானும் மும்முரமா மீன் பிடிக்கிற மாதிரி இருக்கும்?"

கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"பெரிய மனுஷனை இப்படி ஏமாத்துறீங்களே, வெக்கமா இல்ல? பாவம், நீங்க பிடிப்பீங்க பிடிப்பீங்கன்னு நாள் பூரா வெயில்ல காயப் போறாரு!"

"அவரா பாவம்? பயங்கரமான ஆளுங்க. இங்கேர்ந்து இது வரைக்கும் மீசை. பேசினா கதவு அதிரும். தும்மறதுக்கு முன்னாடி, 'தும்மப் போறேன்!'னு ஒரு சத்தம் குடுத்துட்டுத்தான் தும்முவாரு. அவர்கிட்ட மாட்டினா என் கதி என்ன ஆகும்?"

கடைக்காரர் கையிலிருந்த குறடு கீழே விழுந்தது.

"தும்மப் போறேன்னு சொல்லுவாரா?"

"ஆமா. ஏங்க?"

"ஒண்ணுமில்ல."

குறடை எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆனது. மேசைக்கு அந்தப் பக்கம் அவர் முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. எழுந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர்.

அப்புறம் ஒரு வார்த்தை திட்டவில்லை. முட்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். இருப்பதிலேயே விறைப்பான ராடைப் பார்த்து எடுத்து, பொம்மை மீனோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்.

"நல்லா வீசுங்க தம்பி. தைரியமா வீசுங்க. உங்க மாமா கண்டுபிடிக்கவே மாட்டாரு."

"எப்படிங்க அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"எல்லாம் அனுபவம்தான். போய்ட்டு வாங்க."

அவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கழற்றிய முட்களை மேசை இழுப்பறையில் போட்டார்.

அதில் ஏற்கெனவே சில முட்கள் கிடந்தன. நேற்று மாலை ஒரு பெரிய மீசைக்காரர் வந்து, "தும்மப் போறேன்!" என்று கத்தி, கடை அதிர ஒரு தும்மல் போட்டுவிட்டு, அப்புறம் கடைக்காரர் காதருகே குனிந்து கெஞ்சிக் கழற்ற வைத்தவை அவை.

"மாப்பிள்ளைக்கு மீன் பிடிக்கிறதுன்னா உயிராம்யா! இவ்வளவு நாள் கழிச்சு இப்பத்தான் என்கிட்ட வாயைத் திறந்து ஆசையா ஒண்ணு பேசியிருக்காரு. எப்படிய்யா மாட்டேன்னு சொல்வேன்? நீ முள்ளைக் கழட்டு, நிஜ மீன் மாட்டினா நான் செத்தேன். போட்டோவுல நான் பிடிச்சிருக்கிறது பிளாஸ்டிக் மீனுன்னு மட்டும் அவருக்குத் தெரியவே கூடாது!"