சிவப்பு விளக்கு கண்ணடித்தது

சத்தியம், சத்தியம், சத்தியம்! இதில் ஓர் எழுத்து பொய்யென்றால் என் மீசை உதிர்ந்து விழட்டும். (மீசை எங்கே என்று யாரும் கேட்கக் கூடாது.)

"நல்ல சார்ஜரா ஒண்ணு வாங்கணும்," என்றார் ஹார்ன் அண்ணன்.

தையல் மெஷினில் இருந்த மனைவிக்கு ஊசி விரலில் ஏறியது.

"இருக்கிற சார்ஜருக்கு என்ன கேடு?"

"அது சார்ஜரா? இஸ்திரிப் பெட்டி! பேட்டரியை வெளியே எடுத்தா சட்டையே தேய்க்கலாம், அவ்வளவு சூடு. ஞாயித்துக்கிழமை மொட்டை மாடியில எல்லாரும் கூடுறாங்க. இந்தத் தடவை மைக் அது இஷ்டத்துக்குக் காலை வாரக் கூடாது."

அவள் விரலைச் சூப்பிக்கொண்டே ஊசி டப்பாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். காரணம் இருக்கிறது.

பஸ் ஓட்டுகிற மனிதர். குரல் ஹார்னேதான். அதனால்தான் அந்தப் பெயர். மாதம் ஒருமுறை மொட்டை மாடியில் குடியிருப்பே கூடும்போது, ஒயர் இல்லாத மைக்கைப் பிடித்து அவர் ஒரு பழைய பாட்டைப் பாடுவார். எல்லாம் சரியாகத்தான் போகும். கடைசிச் சரணத்தில் ஓர் உச்சி வரும். அங்கேதான் வம்பு.

முதல் தடவை அந்த உச்சிக்கு ஏறினார் பாருங்கள், கீழே நின்ற ஸ்கூட்டர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் அலறின. மூன்று தெரு நாய்கள் வந்து வாசலில் வரிசை கட்டின. மூன்றாம் மாடிப் பெரியவர் சிரித்த சிரிப்பில் பல்செட் தேநீரில் விழுந்து நீந்தியது.

மறுநாள் அண்ணன் ஹார்னே அடிக்காமல் பஸ் ஓட்டினார். வீட்டில் ஒரு பாட்டை முணுமுணுக்கக்கூட இல்லை. மனைவியால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்றிலிருந்து தன் ஊசி டப்பாவில் பாதி உயிர்போன பேட்டரி ஒன்றை ஒளித்து வைத்தாள். கூட்டத்தன்று மைக்கில் நல்லது ஒன்று, நோஞ்சான் ஒன்று. பெரும்பாலும் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மைக் மண்டையைப் போடும்.

"அடடா, பேட்டரி கவுத்துடுச்சே! இல்லேன்னா மனுஷன் வானத்தையே பிச்சிருப்பாரு!" என்று மாடியே உச்சுக் கொட்டும். அண்ணன் நெஞ்சு நிமிர்த்தி இறங்குவார்.

இப்போது போய் நல்ல சார்ஜராம்!

கடைக்கு அவளும் ஒட்டிக்கொண்டு போனாள்.

"இந்த மலிவு மாடல் எல்லா பேட்டரிக்கும் ஒரே தட்டுல ஊட்டும் அண்ணே," என்றார் கடைக்காரர். "ஒண்ணுக்கு அரை வயிறு, ஒண்ணுக்கு அஜீரணம். இதோ, இதை எடுங்க. ஒவ்வொண்ணுக்கும் தனி விளக்கு. வயிறு நிறைஞ்சா தானா நிறுத்திக்கும். சூடேறாது. செத்த பேட்டரியை வச்சீங்க, சிவப்பு விளக்கு கண்ணடிச்சுக் காட்டிக் கொடுத்துடும்."

"காட்டிக் கொடுக்குமா?" அவள் அதைத் தள்ளி வைத்தாள். "எங்களுக்கு இவ்வளவு சூட்டிகை ஆகாது தம்பி. கொஞ்சம் வெகுளியா இருந்தாப் போதும்."

"அக்கா, சார்ஜர் வாங்க வந்தீங்களா, மாப்பிள்ளை பார்க்க வந்தீங்களா?"

கடையே சிரித்தது. பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள், "புருஷன் ஆசையாக் கேட்கிறதுக்கு இப்படியா கஞ்சத்தனம் பண்ணுவாங்க?" என்று இவள் காதில் விழும்படியே சொன்னாள்.

"அவ சொல்றதைக் கேட்காதீங்க. இதையே கட்டுங்க," என்றார் அண்ணன்.

ஞாயிறு காலை, அவர் குளிக்கும் நேரம் பார்த்து, மற்றவற்றோடு கலந்துவிடட்டும் என்று ஊசி டப்பா பேட்டரியைச் சார்ஜருக்குள் நுழைத்தாள். சிவப்பு விளக்கு பட்பட்டென்று கண்ணடித்தது. துண்டோடு வந்த அண்ணன், "பார்த்தியா, திருடன் மாட்டினான்!" என்று அதைப் பிடுங்கி எறிந்தார். மற்றவை எல்லாம் பச்சை. அவள் முகம் மட்டும் வெளுப்பு.

மாலை. மொட்டை மாடி. பாட்டு ஆரம்பித்தது. முதல் சரணம் தாண்டியது. இரண்டாம் சரணம் தாண்டியது. மைக் சாகிற வழியாக இல்லை. அவள் புடவைத் தலைப்பை முறுக்கிய முறுக்கில் அது கயிறாகிவிட்டது.

உச்சி வந்தது. மூன்றாம் மாடிப் பெரியவர் முன்னெச்சரிக்கையாகப் பல்செட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அண்ணன் கண்ணை மூடினார். கையை வானத்துக்கு உயர்த்தினார். வாயைத் திறந்தார்.

மைக் செத்தது!

"சே! புது சார்ஜரும் சரியில்லை!" என்று அண்ணன் மைக்கைத் தட்டினார்.

"உச்சியைக் கையில பிடிச்சிட்டாரே... பாழாப்போன பேட்டரி!" என்று பெரியவர் பொக்கை வாயோடு கண்ணைத் துடைத்தார். கைதட்டல் ஓயவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் வராததுமாக அவள் மைக்கைத் திறந்து, பேட்டரி இரண்டையும் சார்ஜரில் வைத்தாள். மளமளவென்று பச்சை.

"என்னங்க... ரெண்டும் முழுசா இருக்கே!"

"இல்லாம? சும்மாவா நல்ல சார்ஜர் வாங்கினேன்?"

"அப்ப மைக் எப்படி நின்னுச்சு?"

அண்ணன் தன் கட்டைவிரலை அவள் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

"சுவிட்சு எதுக்கு இருக்கு? போன மாசம் உன் ஊசி டப்பா பேட்டரி ரெண்டாவது வரியிலேயே செத்துடுச்சு. அதுக்கு முந்தின மாசம் சாகவே மாட்டேன்னு அடம் பிடிச்சுது, இருமி இருமித் தப்பிச்சேன். ஒவ்வொரு தடவையும் நீ உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கே. இனிமேலாவது நிம்மதியா என் பாட்டைக் கேளுடி."

பெரியவர் காதுக்கு மட்டும் இது போகவே கூடாது. யார் சொன்னது என்று குடைந்தால், சார்ஜர் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள். என் பேச்சையே எடுக்காதீர்கள், அடுத்த மாதக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள்!