நுரைக்கு அடியில்

"எலுமிச்சைத் துண்டை எடுத்துடுடி. அது இருந்தா எந்த பீரும் எலுமிச்சைதான்."

"மூக்குதான் வேலை செய்யல, வாய்க்கு ஒரு குறையும் இல்ல," என்றபடி தங்கை சீசாவைச் சரிக்கிறாள்.

பத்திரிகைக்கு பீர் விமர்சனம் எழுதுகிற அக்கா, காய்ச்சலில் வாசனை போனதிலிருந்து ஒரு வரிகூட எழுதவில்லை. கசப்பான பீரென்றால் நாக்கே காட்டிக்கொடுத்துவிடும், மூக்கைச் சோதிக்க லேசானதுதான் சரி என்று இந்த மெக்சிகோ லாகர் பீரை அவளே கேட்டு வாங்கியிருக்கிறாள். சமையலறை ஜன்னலில் வரும் மாலை வெயில் கிளாஸுக்குள் இறங்கி வைக்கோல் நிறத்தில் நிற்கிறது. குமிழ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஏறுகின்றன. அவள் கண்ணை மூடி முகர்கிறாள். குளிர்ச்சி மட்டும் மூக்கில் படுகிறது. ஒரு மடக்கை வாயிலேயே வைத்திருந்து விழுங்கி, மூக்கு வழியாக மெல்ல மூச்சு விடுகிறாள். அடுத்த வீட்டில் யாரோ தாழ்ந்த குரலில் பேசுவதுபோல, எங்கிருந்தோ ஓர் இனிப்பு வருகிறது.

"அடுப்புல சோளம் வேகுதா?"

"அடுப்பே பத்தவைக்கலையே அக்கா."

இந்த லாகரில் சோளமும் சேர்த்துத்தான் காய்ச்சுவார்கள்; அவள் கிளாஸை மறுபடி மூக்கருகே கொண்டுபோகிறாள். நுரை ஓசையில்லாமல் அடங்கிக்கொண்டிருக்கிறது. கண்ணைத் திறக்க அவளுக்குப் பயமாக இருக்கிறது.

"ஜன்னலைச் சாத்திட்டு, இன்னும் கொஞ்சம் ஊத்துடி."