கை நனைக்கும் வீடு

மாமியார் பையைக் கீழே வைக்கவில்லை.

மருமகள் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தார். பை மடியில்.

தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். அப்போதும் பை மடியில்தான்.

மஞ்சள் துணிப்பை. அவர் அசையும்போதெல்லாம் உள்ளே எவர்சில்வர் சத்தம் கேட்டது.

கேரியர்.

சாப்பாட்டைக் கட்டிக்கொண்டே வந்துவிட்டார்களா?

கணவன் வீட்டார் அப்படிச் செய்யக்கூடியவர்கள்தான். மகள் கிருபாவின் முதல் பிறந்தநாளுக்கு வந்தபோது, மொத்தக் குடும்பத்துக்கும் ஒரே நேரத்தில் வயிற்றுவலி. திரும்பிப் போகிற வழியில் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் வயிறு முட்ட பரோட்டா தின்றுவிட்டுத்தான் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினார்கள் என்று பிறகு தெரிந்தது. வேதக்காரப் பெண்ணைக் கட்டிய மகன் வீட்டில் யாரும் கை நனைக்கக் கூடாது. மாமனாரின் உத்தரவு.

அவர் அன்றும் வரவில்லை. இன்றும் வரவில்லை.

இது கிறிஸ்துமஸ் விருந்து. இந்தத் தடவை அவள் விடுவதாக இல்லை. கிறிஸ்துமஸ் வருவது மார்கழியில். மார்கழியில் அந்த வீட்டில் கவுச்சி கிடையாது. அதையே சாக்காக வைத்து எழுந்துவிடுவார்கள். அதனால் கறியே எடுக்கவில்லை. "ஆட்டுக்கறி இல்லாம என்னட்டீ பண்டிக?" என்று அவள் அம்மா போனில் கத்தினாள். கத்தட்டும். கறி பட்ட பாத்திரம் என்று மூக்கைச் சுளிப்பார்களே? குக்கரிலிருந்து கரண்டி வரை எல்லாம் புதிது. நொட்டை சொல்ல ஓர் இடம் விடவில்லை.

அப்படியும் பையோடு வந்துவிட்டார்கள்.

இலை போட்டாள். மாமியார் பையைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பருப்பைப் பிசைந்தார். சாப்பிட்டார்.

சாம்பாரும் சாப்பிட்டார்.

ரசத்துக்குச் சோறு கேட்டார்.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. சூடு கண்ட பூனை. நடிப்பாகக்கூட இருக்கலாம்.

"அவியல் நல்லாருக்கு" என்றாள் செண்பகவல்லி, மூத்த மகனின் மனைவி.

பரிமாறிக்கொண்டிருந்த அவள் கரண்டியோடு அப்படியே நின்றாள். செண்பகவல்லி யாரையும் மெச்சி அவள் கேட்டதில்லை. என்ன விஷயமாக வந்திருக்கிறார்கள் இவர்கள்?

கை கழுவினார்கள். பிள்ளைகள் மாடிக்கு ஓடின. அவள் கணவன் ராமசுப்பு ஆட்டோ கூப்பிடப் போனான்.

திரும்பிப் பார்த்தாள். மாமியாரைக் காணோம். பையும் இல்லை.

சமையலறைக் கதவு சாத்தியிருந்தது.

அந்தக் கதவை அந்த வீட்டில் யாரும் சாத்துவதே இல்லை. தின்றதையெல்லாம் விரல் விட்டு வாந்தி எடுக்கிறாரோ என்றுகூட நினைத்தாள். அந்த அளவுக்குப் போயிருந்தது அவள் புத்தி.

தள்ளித் திறந்தாள்.

மேடையில் கேரியரின் நான்கு தட்டுகளும் பரப்பிக் கிடந்தன. ஒன்றில் சோறு. ஒன்றில் அவியல். மூன்றாவதில் மாமியார் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார். கரண்டி அந்தரத்தில் நின்றுவிட்டது.

கேரியர் காலியாகத்தான் வந்திருக்கிறது.

"கேட்டுட்டு எடுத்திருக்கணும்." மாமியாரின் முகம் வேர்த்திருந்தது. "ஒங்க மாமா தனியா கெடக்காரு. நான் வச்சாத் திம்பாரு. எங்க உள்ளதுன்னு கேக்க மாட்டாரு."

அவள் கரண்டியை வாங்கி, சாம்பாரைத் தட்டு நிறைய ஊற்றினாள். கண் கலங்கிவிட்டது.

பிறகு மறுபடி உறுத்தியது. கேட்கவே மாட்டார் என்றால்? செண்பகவல்லி வைத்த சாம்பார் என்று நினைத்துத் தின்பார். தெரியாமல் தின்றால் அது கை நனைத்ததாகுமா?

கேக் வெட்டினாள். முட்டை போடாமல் அவளே செய்த பிளம் கேக். தடிமனாக ஒரு துண்டு. நாலாவது தட்டில் வைத்து, அதை எல்லாவற்றுக்கும் மேலே அடுக்கினாள். மார்கழி மாதத்தில் அந்த வீட்டுக்கு இப்படி ஒரு பண்டம் எங்கிருந்து வரும் என்று பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

மாமியார் கேக்கைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

கேக்கை வெளியே எடுத்தார்.

தெரிந்ததுதானே என்று நினைத்துக்கொண்டாள்.

மாமியார் தட்டுகளைக் கழற்றினார். அடியில் இருந்த சோற்றைக் காலித் தட்டுக்கு மாற்றினார். அடித்தட்டைத் துடைத்து அதில் கேக்கை வைத்தார். அதன் மேல் சாம்பார். அதன் மேல் அவியல். எல்லாவற்றுக்கும் மேலே சோறு.

"மேல இருந்துதான தொறப்பாரு? எல்லாத்தையும் தின்னு முடிச்சிட்டுப் பாக்கட்டும். அதுக்கப்புறம் என்ன செய்வாரு?"

கொக்கியை மாட்டினார்.

ஆட்டோக்கள் போனதும் வீடு வெறிச்சென்று ஆனது. எச்சில் இலைகளுக்கு நடுவே நின்று, "ஸ்தோத்திரம்" என்று வாய்விட்டுச் சொன்னாள். ஆண்டவருக்கா, மாமியாருக்கா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. மனம் நிறைந்திருந்தது. காலையிலிருந்து அப்போதுதான் பசித்தது.

பொழுது சாய்ந்ததும் வாசலில் நட்சத்திர விளக்கைப் போட்டாள்.

போன் அடித்தது. மாமியார்.

"சொல்லுங்க அத்த."

பதில் இல்லை. கை தவறிப் பட்டிருக்கும் என்று வைக்கப் போனாள்.

கேரியர் தட்டு கழலும் சத்தம் கேட்டது.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து இன்னொரு தட்டு. பிறகு இன்னொன்று.

அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. எதுவும் உடையவுமில்லை.

அந்தப் பக்கம் மாமனார் தொண்டையைச் செருமினார்.

"ஒரு துண்டுதான் குடுத்துவிட்டாளா?"