வலை நூலால் கட்டிய வயர்

"கிக்கரை மிதிச்சுக் கால் நோகுது எண்டு அழ வந்தீரோ, தங்கச்சி?" ஸ்ரனிஸ்லஸ் கதிரையை விட்டு எழும்பவில்லை. கராஜ் வாசலில் பழைய ஸ்கூட்டியோடு நின்ற பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும். முகமெல்லாம் ரோட்டுப் புழுதி.

உருத்திரபுரம் ரோட்டில் தன்னைத் தவிர மெக்கானிக் என்று சொல்ல ஒருவனும் இல்லை என்பது ஸ்ரனிஸ்லஸின் எண்ணம். மற்றவர்கள் மாடு மேய்க்கப் போகவேண்டியவர்கள்.

காலையிலிருந்து அவருடைய கண் போனிலேயே இருந்தது. மகன் யூட்சனுக்குப் பேசியிருந்த பெண், பூநகரி டிலுசாவின் வீட்டார் இன்றைக்கு முடிவு சொல்வதாகத் தரகர் சொல்லியிருந்தார். முல்லைத்தீவில் கடலுக்குப் போவதும் எதையாவது வாங்கி விற்பதுமாகத் திரியும் அவனுக்கு வயது முப்பத்தைந்து தாண்டிவிட்டது. இந்தச் சம்பந்தமும் தட்டிப்போனால் இனி ஒன்று வராது என்ற பயம் அவருக்கு.

போன ஞாயிறு வந்தபோது யூட்சன் வாசலில் நிழலுக்கு நீல வலை நூலால் இறுக்கிக் கட்டிக் கொடுத்த படங்கின் கீழே ஸ்கூட்டியை உருட்டிவரச் சொன்னார்.

"வாங்கினதில இருந்து பற்றரி ரெண்டு தரம் புதுசு போட்டாச்சு, அண்ணை. கொஞ்ச நாளில செத்துப்போகுது."

"எந்த மடையன் மாத்தச் சொன்னவன்? கிணத்தில ஊத்து இல்லை, வாளியை மாத்தி என்ன பிரயோசனம்?"

ஸ்கூட்டியை மிதித்து ஸ்ரார்ட் பண்ணி, பற்றரியில் மீற்றரை வைத்துக்கொண்டு கைபிடியை முறுக்கினார். என்ஜின் கத்தியது, முள் ஏறவில்லை. பற்றரிக்குச் சார்ஜ் வரவே இல்லை.

சீற்றைக் கழற்றி வயரைத் தடவிக்கொண்டு போனவர், ஓரிடத்தில் சுற்றியிருந்த கறுப்பு ரேப்பை உரித்துப் பார்த்துச் சிரித்தார். சார்ஜ் வயர் எரிந்து அறுந்திருந்தது. இரண்டு முனையையும் சும்மா பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நீல நூலால் வரிந்து, மேலே ரேப்பால் மூடியிருந்தது.

"வயரோட வயர் முட்டவே இல்லை. வலை பொத்துற நூலால கட்டி மூடியிருக்கிறான். உம்மட தலையில நல்லா மிளகாய் அரைச்சிட்டான்."

"வித்தவருக்குத் தெரியாமலும் இருந்திருக்கலாம், என்ன அண்ணை?" அவளுடைய குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. "அவருக்கு முந்தி வேற ஆரும் செய்திருப்பினம்."

ஏமாந்த பிறகும் கள்ளனுக்குப் பரிந்து பேசுகிறவர்களைக் கண்டால் ஸ்ரனிஸ்லஸுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"விசர்க் கதை கதையாதையும். நூல் இன்னும் நிறம் மங்கேல்லை, விக்கேக்க கட்டினதுதான். வெளியில சார்ஜ் போட்ட பற்றரியைப் பூட்டி, ஒரு தட்டில ஸ்ரார்ட் பண்ணிக் காட்டியிருப்பானே?"

"ஓம். அப்பிடித்தான் காட்டினவர்."

"கழுசறை. பொம்பிளை எண்டு பாத்துத் துணிஞ்சு செய்திருக்கிறான். மானம் மரியாதை உள்ள குடும்பத்தில பிறந்தவன் செய்யிற வேலையோ இது? இவனையெல்லாம் நம்பி ஆராவது பொம்பிளை குடுப்பினமோ?"

அவள் அண்ணாந்து படங்கைக் கட்டியிருந்த நீல முடிச்சுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எங்களுக்கும் அதுதான் யோசனையாக் கிடந்தது, அண்ணை. வெளியில விசாரிக்காமல் தகப்பனிட்டயே கேப்பம் எண்டு வந்தனான்."

"ஆரின்ர தகப்பனிட்ட?"

"தரகர் தந்த மாப்பிள்ளைப் படத்தில இருக்கிறவர்தான் எங்களுக்கு இதை வித்தவர்," என்றாள் அவள். "நான் டிலுசாவின்ர அம்மா."