செண்பகவல்லி என்று கூப்பிட்டால்

“எம் மக தன் கடைக்கு வைக்கிறதா இருந்த அவ சொந்தப் பேரை நீ எப்படிடா பதிவு பண்ணுவே?” ரஞ்சிதம் போட்ட சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

“ராகுகாலம் முடியட்டும்னு நீங்க உக்காந்திருந்தீக, சித்தி. நான் உக்காரல. அம்புட்டுதான்,” என்றான் எதிர்வீட்டு மிட்டாய்க் கடைக்காரன் சொர்ணராஜ்.

கடைப்பெயரை முதலில் பதிந்தவருக்கே அந்தப் பெயர் முழுதும் சொந்தம் என்றாகிவிட்ட காலம் அது. யார் எங்கே அதை உச்சரித்தாலும் காற்றிலிருந்து அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ரஞ்சிதம் அடுப்படியிலிருந்து மகளை “செண்பகவல்லி!” என்று கூப்பிட்டால், “வணக்கம், கருப்பட்டி மிட்டாய் வேணுமா?” என்று சொர்ணராஜின் குரல் கேட்கும்.

மகள் அழுது ஓய்ந்து, யாரும் சீண்டாமல் கிடந்த ‘கொட்டாங்கச்சி’ என்ற பெயரைப் பதிந்து கடை போட்டாள். ஊரும் அவளை அப்படியே அழைத்தது. கல்யாணப் பத்திரிகையிலும் அதுவே ஏறியது. ஓசூர் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடிபோய்விட்டாள்.

ரஞ்சிதத்துக்கு மட்டும் அந்தப் புதுப்பெயர் வாயில் வரவில்லை. விடிந்ததும், “செண்பகவல்லி, சாப்பிட்டியாடி?” என்பாள்.

“சாப்பிட்டேன், சித்தி.”

இப்போதெல்லாம் என்ன குழம்பு என்றும் அவனிடம் விசாரிக்கிறாளாம்.