கட்டுக்குக் கீழே ஒரு துளிர்

மொட்டையாகிப் போன குன்றில் மறுபடி மரம் வளர்க்க, அடிவாரத்துப் பெண்கள் ஒட்டுக்கட்டக் கற்றுக்கொண்டிருந்தார்கள். செங்கமலம் கட்டிய முதல் ஒட்டில், கீழே ஒரு நாட்டு மாங்கன்று. மேலே, பெயர் பெற்ற தோப்பிலிருந்து வந்த ஒரு மாங்குச்சி. பிடித்தால் குன்றுக்கு, பிடிக்காவிட்டால் குப்பைக்கு.

"டேய், என் பரம்பரை தெரியுமா உனக்கு?" என்றது குச்சி.

"தெரியாதுங்க. என் பரம்பரையை யாரோ சப்பித் துப்பிட்டுப் போயிட்டாங்க."

"அதான் பார்த்தாலே தெரியுதே. நேரத்துக்குத் தண்ணி அனுப்பு, போதும்."

தாவர சாஸ்திரப்படி இருவரும் ஒரே குலம்தான். குச்சி அந்தச் சாஸ்திரம் படித்ததில்லை.

கன்றுக்குச் சுருக்கென்றது. தண்ணீரை மேலே விடாமல், கட்டுக்குக் கீழே தனக்கென்று ஒரு துளிர் விட்டுக்கொண்டது. குச்சி வாடத் தொடங்கியது.

"அக்கா, என்னுது துளிர்த்திருச்சு!" என்று செங்கமலம் கூவினாள்.

பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் எட்டிப் பார்த்தாள். "அடியே, அது கீழ இருக்கிற கன்னோட துளிர். விட்டா மேல இருக்கிறது செத்துரும். கிள்ளிப் போடு."

இருந்த ஒரே பச்சையைக் கிள்ளச் செங்கமலத்துக்கு மனசு வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிள்ளினாள்.

வேறு போக்கிடம் இல்லாத தண்ணீர் மேலே ஏறியது. குச்சி பிழைத்தது.

மழைக்காலத்தில் கன்றும் குச்சியும் ஒன்றாகக் குன்றேறினார்கள். அடுத்த கோடையில் பாறை கொதித்தது.

"அண்ணே," என்றது குச்சி, "தண்ணி..."

"தேடிக்கிட்டுத்தான் இருக்கேன் தம்பி," என்றது கன்று, வேரைப் பாறையிடுக்கில் நுழைத்தபடி. "அதுவரைக்கும் உன் பரம்பரையைச் சொல்லேன், கேட்போம்."